சுண்டுவிரல் சிவப்பு

கங்வொன் ராணுவ மலைமுகாம், தென்கொரியா
செப்டம்பர் 4, 2016

நாரே,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து நகங்களில் இத்தனை கோலம் வரைந்து படம் அனுப்பியிருக்க மாட்டாய்.

நேராகவே சொல்கிறேன், கோடுகள் மோசம். கோடு போடும் ஜெல் சாயமான லைனரில் தூரிகையை முக்கி அப்படியே வைக்கிறாய். புட்டியின் வாயில் தூரிகையை வழித்து எடு. கையை மேசையில் ஊன்றி, தூரிகையைப் படுக்கவைத்து இழு. அடர்ந்த நிறத்தை ஒரே பூச்சாகத் தடிமனாகப் போடாதே. புற ஊதா விளக்கில் காட்டினால் மேலே மட்டும் இறுகும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். மெலிதாக இரண்டு முறை பூசு. பாலிமர் படித்தவன் சொல்கிறேன், கேள்.

ஆகஸ்டில் விடுப்பு முடிந்து நான் கிளம்பும் முன் உன் பத்து விரலுக்கும் மருதாணிபோல் காசித்தும்பை அரைத்துக் கட்டினோமே. முதல் பனி விழும்வரை அந்தச் சிவப்பு நகத்தில் நின்றால் முதல் காதல் கைகூடும் என்பது மூடத்தனம். இருந்தாலும், அழியாமலிருக்க அதன்மேல் நிறமில்லாத ஜெல் பூசிவை. பூசும் முன் நகத்தின் பளபளப்பு போகத் தேய், இல்லாவிட்டால் உரிந்துவிடும். உன் பூசானில் பனி விழுவதே அபூர்வம். இங்கே நவம்பரிலேயே விழுமாம். நம் கணக்குக்கு என் மலைப் பனி போதும்.

சார்ஜண்ட் தினமும் கேட்கிறார்: "என்னடா, ஒன் ரப்பர் செருப்பு இன்னும் நேராத்தான் நிக்குதா? திருப்பிப் போட்டுக்கிட்டு ஓடிரலையே?" காத்திருக்கிற பெண்ணுக்கு இங்கே அதுதான் பெயர். செருப்பைத் திருப்பிப் போட்டால் அவள் விட்டுப் போய்விட்டாள் என்று அர்த்தம்.

இன்க்யூ

---

பூசான்
அக்டோபர் 3

என் அன்பான வாத்தியாருக்கு,

நீ சொன்னபடியே தேய்த்தேன். சிவப்பும் சேர்ந்து பொடியாகக் கொட்டிவிட்டது! ஒன்பது விரலும் காலி. சுண்டுவிரல் நுனியில் மட்டும் ஒரு பிறை மிச்சம். இதோடு படம் வைத்திருக்கிறேன். அதைத் தேய்க்காமல் தடிமனாக ஜெல் போட்டு மூடிவிட்டேன். திட்டிக்கொள்.

டிசம்பரில் நகக்கலைத் தேர்வுக்குப் போகிறேன். தேறினால் வீட்டு முன்னறையையே கடையாக்கிவிடலாம். தினமும் என் விரல்களிலேயே கோடு பழகுகிறேன். சலவைக் கடை அக்காவுக்கு ஆசையாகப் பூனை வரைந்தால், "ஏன்டி, இது பூனையா, மீசை வச்ச உருளைக்கெழங்கா?" என்கிறாள். அம்மாவோ, "நகத்தக் காட்டி ஒருத்தனப் புடிச்ச, பட்டாளத்துக்குப் போயிட்டான். இப்ப யாரப் புடிக்க இந்தப் பாடு?" என்கிறாள்.

கொஞ்ச நாளாக விரல் நுனியெல்லாம் அரிக்கிறது. சின்னச் சின்னக் கொப்புளம். அரிசி களைந்தால் எரிகிறது. குளிர் வருகிறதே, அதனால்தானோ? உனக்குத் தெரியுமென்றுதான் கேட்கிறேன்.

ஒழுங்காகச் சாப்பிடு.

நாரே

---

மலைமுகாம்
அக்டோபர் 30

நாரே,

நேற்று வந்த படத்தையும் முந்தைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வளரும். நகம் வெட்ட வெட்ட நுனியிலிருக்கும் பிறை தேய வேண்டும். உன் பிறை வளர்ந்திருக்கிறது. காசித்தும்பை நகத்தில் ஊறும், ஓரம் மங்கும். இதன் ஓரம் பிளேடால் அறுத்ததுபோல் இருக்கிறது. இது லைனர்.

ஏன் இந்த வேலை? மறைக்க என்ன இருக்கிறது? வேறு யாராவது என்றால் சொல்லித் தொலை. பாதி இறுகிய நிலையில் என்னை வைக்காதே.

இன்க்யூ

---

மலைமுகாம்
நவம்பர் 6

நாரே,

இன்று விடியற்காலை பனி விழுந்தது. மணல் மூட்டைகளெல்லாம் வெள்ளை. எல்லோரும் கத்திக் குதித்தார்கள். நான் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தொலைபேசிக்கு வரிசையில் நின்று அழைத்தால் உன் அம்மா எடுக்கிறார். "அவ தூங்குறாப்பா." மறுநாளும், "இப்பத்தான் வெளிய போனா." என்ன நடக்கிறது அங்கே? சார்ஜண்ட் கேலி செய்வதையே விட்டுவிட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

லைனராகவே இருக்கட்டும். போன கடிதத்தைக் கிழித்துப் போடு. சுண்டுவிரலில் சிவப்பு இருக்கிறதா என்று ஒரு வரி எழுது. ஒரே வரி. கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்க்யூ

---

பூசான்
நவம்பர் 14

இன்க்யூ,

கட்டுப் போட்ட விரலால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

லைனர்தான். நிஜச் சிவப்பு நகத்தோடு வளர்ந்து வெட்டுப்பட்டுப் போய்விட்டது. மலையில் தனியாக இருப்பவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று வரைந்தேன். நான் இழுத்ததிலேயே அதுதான் நல்ல கோடு.

தோல் டாக்டர் சொன்னார்: "எறுகாத ஜெல்லு தோல்ல பட்டுப் பட்டு ஒவ்வாமை ஆயிருச்சும்மா. இனிமே ஆயுசுக்கும் இதத் தொடாத." மூன்று நகம் சதையை விட்டுக் கழன்றுவிட்டது. தேர்வு இல்லை, கடையும் இல்லை. புட்டிகளையும் விளக்கையும் அம்மா மூட்டை கட்டிக் கொண்டுபோய்விட்டாள்.

அரிக்கிறது என்று உனக்கு எழுதியிருந்தேன். அத்தனை நேரம் என் விரலைப் பார்த்திருக்கிறாய். கோட்டின் ஓரம் தெரிந்திருக்கிறது. பக்கத்திலேயே தோல் வெடித்திருந்தது உன் கண்ணில் படவில்லை.

யாரும் இல்லை. செருப்பை நான் திருப்பிப் போடவில்லை. கழற்றி வைத்துவிட்டேன், அவ்வளவுதான். இனி எழுத வேண்டாம். குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்.

நாரே

---

மலைமுகாம்
நவம்பர் 20

நாரே,

படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நகத்தைச் சுற்றி முழுக்க வெடிப்பு. இறுகாத பிசின் தோலில் பட்டால் என்ன ஆகும் என்பது எங்களுக்கு முதல் வருஷப் பாடம்.

பாத்திரம் கழுவாதே. கழுவியே ஆகவேண்டுமென்றால் பருத்தி உறை போட்டு அதன்மேல் ரப்பர் உறை போடு. பல் அடைக்கப் போனால் இந்த ஒவ்வாமையை முதலிலேயே சொல்லிவிடு. அந்தப் பசையிலும் இதே சாமான் இருக்கும். களிம்பு போட்டுவிட அம்மா இருக்கிறாரா?

நாரே, ரொம்ப வலிக்கிறதா?

பதில் எழுதாதே. பேனா பிடித்தால் எரியும்.

இன்க்யூ