அத்தான் இறக்கிய ஷட்டர்

அத்தான்,

இன்று காலை போலந்து வெள்ளரிக்காய்ப் போத்தல் ஒன்று என் கைதவறி விழுந்து உடைந்தது. வினாகிரியும் சதகுப்பையும் கலந்த மணம் கடை முழுக்கப் பரவியது. பிள்ளை பெற்ற வீட்டில் சரக்கு அரைப்பது போல இருக்கிறது என்று நீங்கள் மூக்கைப் பொத்துவீர்களே, அதே மணம். துடைக்கக் குனிந்தபோது கல்லாவுக்கு மேலே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கொடிகளுக்கு நடுவில் பிரித்தானியத் தலைவரும் போலந்துத் தலைவரும் கைகுலுக்கினார்கள். வரலாற்று நட்பாம். இரத்தம் சிந்தி வளர்த்த உறவாம். இனிமேல் பாதுகாப்பிலும் பங்காளிகளாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஈரத் துணியைத் திரையில் எறியக் கையை ஓங்கிவிட்டேன். அக்கா பார்த்துக்கொண்டு நின்றதால் அடங்கினேன்.

அவர்கள் சொன்ன இரத்தம் எந்த இரத்தமோ தெரியாது. நான் கண்டது லண்டனின் மிட்சம் பகுதியில் இருக்கும் நம் கடையின் தரையில். கிழிந்த பையிலிருந்து கொட்டுண்ட குத்தரிசியோடு அது குழைந்து கிடந்தது. பாதி உங்களுடையது, பாதி மரெக்கினுடையது.

மரெக்கை வேலைக்கு வைத்தபோது நான்தான் எதிர்த்தேன். நம்மடை சனத்துக்கே வேலை இல்லை, இந்தப் போலந்துக்காரன் எதற்கு என்று கேட்டேன். "அவன்ரை சனமும் இஞ்சை நிறையப் பேர் வந்திட்டுது பிள்ளை. அவையளின்ரை சாமான் எதெண்டு அவனுக்குத்தானே தெரியும்" என்றீர்கள். அப்படித்தான் கருவாட்டுக்குப் பக்கத்தில் புகையூட்டிய தொத்திறைச்சி வந்தது. ஒரு வருடத்துக்குள் அவன் "அண்ணை, வாறன்" என்று சொல்லிவிட்டுப் போகப் பழகினான். முருங்கைக்காயில் நல்லது எது என்று உங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும் என்று அக்கா உங்களைச் சீண்டுவாள்.

வியாபாரம் இல்லாத நேரங்களில் அவன் தன் தாத்தாவைப் பற்றிச் சொல்லுவான். பெரிய போர்க் காலத்தில் போலந்திலிருந்து தப்பி இங்கே வந்து, இங்கிலாந்தின் போர் விமானங்களுக்கு இயந்திரம் திருத்தியவர் அவர். போர் முடிந்து லண்டனில் வெற்றி ஊர்வலம் நடந்தபோது அவரை யாரும் கூப்பிடவில்லையாம். வீதியோரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாராம். "பிறகும் ஏன் இந்த நாட்டிலை இருந்தவராம்?" என்று நீங்கள் கேட்டீர்கள். "அண்ணை, நீங்கள் ஏன் இருக்கிறியள்?" என்று அவன் கேட்டான். நீங்கள் சிரித்துக்கொண்டே மீன் வெட்டப் போய்விட்டீர்கள்.

ஐரோப்பாவை விட்டுப் பிரிவதா வேண்டாமா என்று நாடு வாக்களித்து முடித்த கிழமை அது. மத்தியானம் வெயில் நன்றாக எறித்தது. மரெக் வெளியே நடைபாதையில் மரக்கறிப் பெட்டிகளை அடுக்கியபடி தொலைபேசியில் தாயோடு போலந்து மொழியில் கதைத்துக்கொண்டிருந்தான். போத்தல் உடையும் சத்தம் கேட்டது. பிறகு கூச்சல். மரெக் தலையில் இரத்தத்தோடு உள்ளே ஓடி வந்தான். நான் மீன் குளிர்பெட்டியடியில் நின்றேன்.

நீங்கள் கல்லாவுக்குக் கீழே குனிந்து சில்லறை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. உங்கள் கை தானாக மேலே போய் ஷட்டர் சுவிட்சை அமத்தியது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கடையில் நின்ற காலத்தில் பழகிய கை அது. சந்தியில் ஆமி வாகனத்தின் சத்தம் கேட்டதும் வீதி முழுக்க ஷட்டர்கள் விழும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். முப்பது வருட லண்டன் வாழ்க்கை அந்தக் கையை ஒன்றும் செய்யவில்லை. ஷட்டர் கறகறவென்று இறங்கித் தரையில் முட்டி நின்றது. அப்போதுதான் நீங்கள் நிமிர்ந்தீர்கள். மரெக்கை அடிக்க வந்த மூன்று பேரும் ஷட்டருக்கு உள்ளே நின்றார்கள்.

அவர்களுக்கே ஒன்றும் விளங்கவில்லை. ஒருவன் ஷட்டரை உதைத்துப் பார்த்தான். பின்கதவை எப்போதும்போல உங்கள் சோடாப் பெட்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. எடுங்கள் எடுங்கள் என்று அக்கா கத்தியும் நீங்கள் எடுக்காத பெட்டிகள். மூவரில் பெரியவன் கையில் இரும்புக் கம்பி இருந்தது. அவன் சட்டையில் பழைய போர் விமானத்தின் படம் ஒன்று பெரிதாக இருந்தது. மரெக் மூச்சு வாங்கிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தான். "அந்த விமானத்தை என்னுடைய தாத்தா திருத்தியவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். சொல்லி முடிக்கவில்லை, கம்பி அவன் வாயில் விழுந்தது. பல் ஒன்று கல்லா மேசையில் தெறித்தது. கீழே விழுந்தவனின் கைவிரல்களைச் சப்பாத்தால் மிதித்தார்கள்.

பிறகு அந்தப் பெரியவன் உங்களிடம் திரும்பினான். குரலைத் தாழ்த்தி, ஏதோ உதவி செய்கிறவன் போலச் சொன்னான். "உன்னோடு எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஷட்டரைத் திற. இவனை நாங்கள் வெளியே கொண்டுபோகிறோம். நீயும் அந்தப் பொம்பிளையும் உங்கள் பாட்டுக்கு இருங்கோ."

வெளியே இன்னும் ஆட்கள் நின்று ஷட்டரில் குத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே போனால் மரெக் உயிரோடு இருக்கமாட்டான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஷட்டரை ஏற்ற வேண்டுமென்றால் உங்கள் இடுப்பில் தொங்கும் திறப்பு வேண்டும். நீங்கள் அதைக் கழற்றினீர்கள். கொடுக்கப் போகிறீர்கள் என்றுதான் நானும் நினைத்தேன், அத்தான். நேரே நடந்துபோய் ஷட்டரின் சின்னத் துவாரமொன்றுக்குள்ளால் அதை வீதியில் தள்ளிவிட்டீர்கள். திறப்பு நடைபாதையில் விழுந்த சத்தம் கேட்டது. திறப்பைப் போடும் இடம் உள்ளேதான் இருக்கிறது; இனி உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் யாராலும் திறக்க ஏலாது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்ல வராது. உங்களைக் கொல்லத்தான் அடித்தார்கள். முதல் அடி உங்கள் இடது கண்ணில். நீங்கள் விழுந்தது மரெக்கின் மேல். விழுந்தீர்களா, போய்ப் படுத்தீர்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கம்பி உங்கள் முதுகில் ஏறி ஏறி இறங்கியது. எனக்குப் பக்கத்தில் மீன் குளிர்பெட்டி திறந்து கிடந்தது. முழு அறக்குளா மீன் ஒன்றை வாலில் பிடித்து இழுத்தேன். கல்லாய் உறைந்திருந்தது. இரண்டு கையாலும் சுழற்றி அந்தப் பெரியவனின் முகத்தில் அடித்தேன். எலும்பு உடைந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் விழுந்த பிறகும் அடித்தேன். மற்ற இருவரும் என்னைக் கண்டு சோடாப் பெட்டிகளின் பக்கம் ஒதுங்கினார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து ஷட்டரை வெட்டிப் பொலிஸ் உள்ளே வந்தபோதும் மீன் என் கையில்தான் இருந்தது.

உங்கள் இடது கண் போய்விட்டது. மரெக்கின் தாடைக்குத் தகடு வைத்தார்கள், விரல்கள் இன்றுவரை நிமிரவில்லை. அடித்தவர்களுக்கு நீதிமன்றத்தில் மறியல் தண்டனை கிடைத்தது. எனக்கு அது போதவில்லை.

பிறகு விழா எடுத்தார்களே, போலந்துக்காரரின் தேவாலய மண்டபத்தில். கவுன்சிலர் ஒருவரும் போலந்துத் தூதரகத்துக்காரர் ஒருவரும் வந்து இரு நாட்டு நட்பைப் பற்றி மாறி மாறிப் பேசிவிட்டு உங்கள் கையில் ஒரு கேடயத்தைத் தந்தார்கள். நீங்கள் ஒலிவாங்கியைப் பிடித்து, "பயத்தில்தான் ஷட்டரை இறக்கினேன், அவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்று நினைத்தேன்" என்று உங்கள் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். மண்டபம் சிரித்துக் கைதட்டியது. தன்னடக்கம் என்று நினைத்துவிட்டார்கள். உங்கள் முகம் கறுத்துப்போனதை நான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது நான்தான் காரோட்டினேன். பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஷட்டர் பயத்திலை, சரி. திறப்பை ஏன் எறிஞ்சனீங்கள்? உங்களுக்கும் ரெண்டு பிள்ளையள் இருக்கல்லோ."

நீங்கள் ஒற்றைக் கண்ணால் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "சுன்னாகத்திலையும் இப்பிடித்தான் பிள்ளை கேட்டவங்கள். இவனைத் தாங்கோ, மற்ற ஆக்கள் போங்கோ எண்டு. முதலாளி ஷட்டரைத் திறந்து குடுத்தவர். அது என்ரை தம்பி."

உங்களுக்கு ஒரு தம்பி இருந்ததே அன்றுவரை எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்று நீங்கள் சத்தியம் வாங்கியிருந்தீர்களாம்.

போன மாரியில் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. பிள்ளைகள் இரண்டும் பெண்கள். கொள்ளி வைப்பது யார் என்ற கதை வந்தது. இந்த ஊரில் கொள்ளி என்பது தகனசாலைச் சுவரிலிருக்கும் ஒரு பொத்தான்தான், ஆனாலும் அதை அழுத்த உரிமை கேட்பார்கள். "சகோதரங்கள் ஒருத்தரும் இல்லையோ?" என்றார் கோயிலில் இருந்து வந்த பெரியவர். அழுதுகொண்டிருந்த அக்கா நிமிர்ந்து மரெக்கைக் காட்டினாள்.

"தம்பி நிக்கிறான்."

"என்ன தங்கச்சி, அது வெள்ளைக்காரன் எல்லோ?"

"ஓம். அவரின்ரை தம்பி."

பெரியவர் அரிசித் தட்டை மரெக்கிடம் நீட்டினார். மரெக் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு உங்களுக்கு வாய்க்கரிசி போட்டான். பொத்தானுக்கு முன்னால் போய் அந்த வளைந்த விரல்களை அதன் மேல் வைத்தான். அழுத்த அவனால் ஏலவில்லை. பெண்கள் அங்கே நிற்பதே வழக்கமில்லை, நான் போனேன். அவன் கையின் மேல் என் கையை வைத்தேன். இரண்டு பேருமாக அழுத்தினோம். உள்ளே குப்பென்று நெருப்புப் பிடித்தது கேட்டது.

ஒருவனின் முகத்தை உடைத்த கையும் இதுதான், அத்தான். அந்த எலும்பின் சத்தத்தையும் அந்த நெருப்பின் சத்தத்தையும் சேர்த்தே கொண்டு திரிகிறேன். இரண்டில் ஒன்றையாவது இறக்கி வைக்க எனக்கு மனமில்லை.