நாமினி இடத்தில் யார் பெயர்

அன்பு மகளுக்கு,

அப்பா நலம். நீயும் நலம் என்று எழுதிய கடிதம் கையில் இருக்கிறது, ஆனால் அது நீ எழுதிய அன்றைய நலம், இன்றைக்கு எப்படி இருக்கிறாயோ என்று யோசித்துக்கொண்டேதான் இதை ஆரம்பிக்கிறேன். எனக்கு இருமல் வந்து போய்விட்டது, கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது, மற்றபடி வேனும் நானும் ஓடிக்கொண்டிருக்கிறோம். வேனுக்கு இந்த மாதம் பிரேக் மாற்றினேன், எனக்கு மாற்றுகிற மாதிரி ஒன்றும் இல்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். நீ கேட்டிருந்ததற்கு வருகிறேன். மாதக் கடைசியில் உங்கள் பட்டாளப் பிரிவு எல்லை மலைக்கு மேலே போகிறது, அங்கே போனுக்கு அனுமதி இல்லை, அதற்குள் சம்பளக் கணக்கை எந்த வங்கிக்கு மாற்றுவது, எந்தக் கம்பெனியில் இன்சூரன்ஸ் எடுப்பது என்று விசாரித்து எழுதச் சொல்லியிருந்தாய். அதோடு விட்டாயா, கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில், நாமினி இடத்தில் இப்போது உங்கள் பெயர் இருக்கிறது அப்பா, அதை மாற்றி அவர் பெயரை எழுதினால் உங்களுக்கு வருத்தமாக இருக்குமா என்று கேட்டிருக்கிறாய். முதல் இரண்டுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கடைசிக் கேள்விக்கு நான் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீடு அப்படியே இருக்கிறது. நீ போன பிறகு உன் அறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தேன், சாத்திய கதவைப் பார்த்தால் உள்ளே நீ தூங்குகிறாய் என்று கால் தானாகவே சத்தம் போடாமல் நடக்கிறது, அதனால் திறந்து வைத்தேன், இப்போது காலிக் கட்டிலைப் பார்க்க வேண்டியிருக்கிறது, எது தேவலாம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. காலையில் பள்ளிப் பிள்ளைகள் ஏறினால் காது கிழிகிறது, ஆனால் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பும்போது ஒரு அமைதி வரும் பார், அதுதான் ஆளைத் தின்கிறது. விடுமுறை நாளில் சும்மா நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடும் என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு அதே தெருக்களில் ஒரு சுற்று போய் வருகிறேன். பேட்டரிக்கு ஒரு கேடும் இல்லை. உனக்காக ஒரு வங்கியின் சேவை எண்ணுக்குப் போன் போட்டேன், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம், தயவுசெய்து காத்திருக்கவும் என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது. சிரிக்காதே, என் அழைப்பு முக்கியம் என்று யாராவது சொல்லி ரொம்ப நாளாகிறது, போனை ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்துவிட்டு பாத்திரம் முழுவதையும் கழுவி முடித்தேன். கடைசியில் ஆள் வந்தபோது எதற்குக் கூப்பிட்டேன் என்பதே மறந்துபோய், என் மகள் ராணுவத்தில் இருக்கிறாள் என்று ஆரம்பித்து உன் சின்ன வயதுக் காய்ச்சல் வரைக்கும் போய்விட்டேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேறு ஏதாவது உதவி தேவையா என்றாள். தேவை என்று சொல்லத்தான் வாய் வந்தது, என்ன உதவி என்று கேட்டால் என்ன சொல்வது என்று நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

இப்போது உன் கணக்கு இருக்கிற நாற்சந்தி வங்கிக்குப் போனேன். எதை மாற்றுவதென்றாலும் கணக்கு வைத்திருப்பவர் நேரில் வரவேண்டும் என்றார் அங்கே இருந்த அதிகாரி. அவள் எல்லையில் நிற்கிறாள் ஐயா, அவள் இங்கே வந்துவிட்டால் அங்கே யார் நிற்பது, நீங்கள் போகிறீர்களா என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பிறகு புதிதாகத் திறந்திருக்கிற கண்ணாடி வங்கிக்குப் போனேன், உள்ளே போனால் பல் கிட்டிக்கொள்கிற குளிர், உட்கார மெத்தை, குடிக்கத் தண்ணீர், ஒரு சின்னப் பெண் பலகை மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதிலேயே முடித்துவிடலாம் அங்கிள் என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பணம் அனுப்ப, பிரீமியம் கட்ட, கார்டைத் திறக்க, மூட, எதற்கெடுத்தாலும் உன் போனுக்கு ஒரு எண் வருமாம், அதைத் தட்டினால்தான் வேலை நடக்குமாம். போன் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும், எண் யாருக்கு வரும். நான் பெரிய புத்திசாலி மாதிரி, அப்படியானால் என் நம்பரைப் போட்டுவிடு அம்மா, வருகிற எண்ணையெல்லாம் நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். அந்தப் பெண் பதறிப்போய், அதெல்லாம் யாருக்கும் சொல்லவே கூடாது அங்கிள், மோசடி நடந்துவிடும் என்று எனக்குப் பாடம் எடுத்தாள். பெற்ற மகளிடம் மோசடி செய்ய வந்தவன் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

மூன்றாவதாகப் போனது பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற முன்னாள் படைவீரர் கூட்டுறவு வங்கி. மின்விசிறி தலையைத் தலையை ஆட்டுகிறது, மர பெஞ்சு, சுவரில் பெயின்ட் உரிந்திருக்கிறது. உள்ளே நுழைந்தால் பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்திருப்பது யார் என்று நினைக்கிறாய். உன் வீட்டுக்காரர். எனக்கு எழுதியதையே அவருக்கும் எழுதியிருக்கிறாய், இரண்டு பேரிடமும் மற்றவரைப் பற்றி மூச்சு விடவில்லை, ராணுவத்தில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்களா. உன் கல்யாணத்துக்குப் பிறகு அவரும் நானும் நேருக்கு நேர் பேசியதில்லை என்பது உனக்குத் தெரியும். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, பல்செட் செய்கிறவர்தானா கிடைத்தார் என்று நான் கேட்டதை நீ அவரிடம் சொல்லியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என்னுடைய நம்பர் முன்னாடி வரும், நீங்க இத வச்சுக்கங்க என்று டோக்கனை நீட்டினார். வேண்டாம் என்றேன். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம், அந்த இடத்தில் நீதான் உட்கார்ந்திருந்தாய் என்று வைத்துக்கொள். கவுன்ட்டரில் இருந்தவர் ஒரு காலத்தில் ராணுவச் சமையலறையில் இருந்தவராம். மகள் கணக்கு என்றதும் எவ்வளவு சம்பளம், எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்கவில்லை, அங்க போன் உண்டா இல்லையா என்றுதான் முதலில் கேட்டார். எனக்கு அப்போதே மனசு இறங்கிவிட்டது. போவதற்கு முன் நீ எழுத்தில் கொடுத்துவிட்டால் போதுமாம், மாதாமாதம் வீட்டுக்கு இவ்வளவு, பிரீமியத்துக்கு இவ்வளவு என்று அவர்களே எடுத்து அனுப்பிவிடுவார்கள், எந்த ஊர் மெஷினில் பணம் எடுத்தாலும் கட்டணம் பிடிக்க மாட்டார்கள், உன் வீட்டுக்காரரையும் சேர்த்து இரண்டு பேர் பெயரில் திறந்தால் இங்கே ஆகவேண்டியதை அவரே பார்த்துக்கொள்ளலாம். வட்டி மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் குறைச்சல்தான், அதையும் கவுன்ட்டர்காரரே மறைக்காமல் சொன்னார். கணக்கை அங்கேயே மாற்றிக்கொள்.

இன்சூரன்ஸுக்கு என்னோடு படித்த ஏஜென்ட், நம்ம 'பாலிசி'யிடம் போகலாம் என்று உன் வீட்டுக்காரரிடம் நான்தான் சொன்னேன். அவனைக் கண்டால் தெருவே கதவைச் சாத்தும், நானே எத்தனையோ தடவை வேனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன், தானாக வந்து நின்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலி போட்டான், வழவழப்பான அட்டைகளை விரித்தான், இத்தனை வருடம் கழித்து இவ்வளவு வரும், போனஸ் வரும் என்று ஆரம்பித்துவிட்டான். உன் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டியூட்டில இருக்கும்போது அவங்களுக்கு ஏதாவது ஆனா பணம் வருமா என்று மெதுவாகக் கேட்டார். நல்ல காரியம் பேசும்போது அதெல்லாம் எதுக்குத் தம்பி என்று அவன் சிரித்தான். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அவன் போனஸுக்குப் போனான். அப்போது உன் வீட்டுக்காரர் மேசைமேல் கையை வைத்து, அவ செத்துப்போனா குடுப்பீங்களா மாட்டீங்களா என்று கேட்டுவிட்டார். சத்தமாகக்கூட இல்லை. பாலிசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைத் தேடினான், போரிலோ போர் மாதிரியான நிலைமையிலோ இறந்தால் இந்தத் திட்டத்தில் கிடையாது என்று கடைசியில் ஒப்புக்கொண்டான். அதைக் கேட்கவா அவர் அங்கே இருந்தார், எப்போதோ எழுந்து வெளியே போய்விட்டார்.

போய்ப் பார்த்தால் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். நகக்கண்ணில் பல்செட் மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது, இரண்டு கையையும் நான் பார்க்கக் கூடாது என்று முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கீழே போய் இரண்டு டீ வாங்கி வந்தேன். அவர் குடிக்கவில்லை, வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல், எனக்குக் கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது என்றேன். உடனே டீயைக் கீழே வைத்துவிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, போன் விளக்கை அடித்துப் பார்த்தார், படி ஏறுகிறவர்கள் எல்லாம் எங்களை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் மாமா, விழுந்துட்டா நானே ஒண்ணு செஞ்சு தரேன் என்றார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அவரை வேனில் கொண்டுபோய் விட்டேன். முன் சீட்டு காலியாக இருக்க, பின்னால் போய்ப் பிள்ளைகள் சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்தார், முன்னால வாங்க மாப்பிள்ளை என்று கூப்பிட்டேன். அவர் அறையை வாசலில் இருந்தே பார்த்தேன். கொடியில் உன் நீலச் சட்டை ஒன்று தொங்கியது, காய்ந்து ரொம்ப நாளாகியிருக்கும், மடித்து வைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்.

இன்சூரன்ஸ் கூட்டுறவு வங்கி மூலமாகத் தருகிறதையே எடு, படையில் இருப்பவர்களுக்கென்றே போட்ட திட்டம், பணியில் நடப்பதற்கும் உண்டு என்று மாப்பிள்ளை ஒவ்வொரு பக்கமாக வாசித்துப் பார்த்துவிட்டார். பிரீமியம் கொஞ்சம் கூடுதல், பரவாயில்லை. உன் சம்பளத்தில் பிடிக்கிற குழுக் காப்பீடு அது பாட்டுக்கு இருக்கட்டும், அதை நிறுத்திவிடாதே. இனி உன் கடைசிக் கேள்வி. வருத்தமாக இருக்குமா என்று கேட்டாய். இருக்கிறது, பொய் எதற்கு. உன் அம்மா போன பிறகு எந்தக் காகிதத்திலும் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர்தான், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், பட்டாளம். அதை அடித்துவிட்டால் நான் யாருக்கு என்ன வேண்டும் என்று சொல்ல ஒரு காகிதம்கூட மிஞ்சாது. ஆனாலும் மாற்று. என் வயதில் ஒருவனை நாமினியாக வைப்பது வழுக்கை டயரை ஸ்டெப்னியாக வைப்பது மாதிரி. அதுவும் போக, அந்தப் பணம் என் கைக்கு வந்து, மாப்பிள்ளை என் வாசலில் வந்து நிற்கிற மாதிரி ஒரு நாள் வரவே கூடாது. வங்கியிலும் இன்சூரன்ஸிலும் பட்டாளத்துக் குழுக் காப்பீட்டிலும் மூன்றிலும் அவர் பெயரையே எழுது, முழுப் பெயராக எழுது, செல்லப்பெயரை எழுதித் தொலைக்காதே.

மேலே குளிர் அதிகம் என்கிறார்கள், காலுறை ஈரமானால் உடனே மாற்று, யாருக்காகவும் காத்திருக்காதே. கார்டின் ரகசிய எண்ணை உன் கூடத் தங்கியிருக்கிற தோழிக்குக்கூடச் சொல்லாதே, எனக்கும் வேண்டாம், எனக்குப் பாடம் எடுத்தாகிவிட்டது. நீ நன்றாக இருக்க வேண்டும், நிறைய நாள் இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உன் கூடவே நிற்கும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உங்கள் அலுவலகக் காகிதத்தில் இன்னொரு கட்டம் உண்டு, அவசரத் தகவல் யாருக்குத் தெரிவிப்பது என்று. அதில் இப்போது என் பெயர் இருக்கிறது, அதை மாற்றாதே. ஒரே பெயர்தான் எழுதலாம் என்றால் என் பெயரையே விட்டுவிடு. அம்மா போன அன்று ஆஸ்பத்திரியில் என்னிடம்தான் சொன்னார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது நீ ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய், நீ சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் செருப்பைக் கழற்றுகிற மாதிரி வாசலிலேயே குனிந்து நின்றேன், அதற்குப் பிறகுதான் சொன்னேன். மாப்பிள்ளை அந்த அறையில் தனியாக இருக்கும்போது முகம் தெரியாத இரண்டு பேர் வந்து கதவைத் தட்டக் கூடாது. நான் போவேன், அவர் சாப்பிட்டாரா என்று பார்ப்பேன், பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்வேன். அந்த வேலையை மட்டும் எனக்கு வைத்துவிடாதே கண்ணு.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா