மேசையோடு ஒட்டி நிற்றல்

திங்கள், 3ஆம் திகதி

காலையில் மழை, பிறகு வெயில். வலது முழங்கால் வீக்கம் இறங்கவில்லை. டொக்டர் சொன்னது: மடக்காதே, திருப்பாதே, ஓடாதே. மேசைப்பந்து ஆடாதே என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முழங்கால். இந்தச் சொல்லை எழுத ஐந்து நிமிடம். ழ அழகாக வந்திருக்கிறது. அறுபத்தொன்பது வயதில் எழுதப் பழகியவன்!

செவ்வாய், 4

பின்னேர அசர் தொழுதுவிட்டு வாசிகசாலை மண்டபம். பாண்டிருப்பு ஊர்த் தவராசாவுடன் ஆட்டம். தபால் கந்தோரில் இருந்தவர்; அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்பார். முன்பெல்லாம் இரண்டு எட்டுப் பின்னால் நின்று வீசி அடிப்பேன். இன்று மேசையோடு ஒட்டி நின்றேன். பாரம் இடது காலில். பந்து குத்தி எழும்பும்போதே மட்டையை வைத்துத் தடுப்பது. அவ்வளவுதான். அவர் அடித்த வேகத்திலேயே அவரிடம் போகிறது.

"என்ன காக்கா, மதில் கட்டி வெச்சிரிக்கீங்களா?"

11–8. நான்!

வியாழன், 6

அந்தி மஃரிபுக்குப் பள்ளிவாசலில் பின்வரிசைக் கதிரையில் இருந்து தொழுதேன், வழக்கம்போல. வெளியே வரும்போது மில்கார மீரான்:

"காக்கா, பந்தடிக்க ரெண்டு காலும் இரிக்கி. அல்லாஹ்ட முன்னால மட்டும் கதிரையா?"

மூன்று பேர் சிரித்தார்கள். நான் நொண்டியபடி வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி சொன்னாள், "அவனுக்கு வேற வேல இல்ல, நீங்க தின்னுங்க." கறிச்சட்டியை மூடிக்கொண்டே, "ஆனா அவன் கேட்டதிலயும் நியாயம் இரிக்கி."

மட்டை அலுமாரிக்கு மேலே. சனிக்கிழமை ஆட்டத்துக்கு வரமாட்டேன் என்று தவராசாவுக்குச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

வெள்ளி, 7

ஜும்ஆ. கதிரையில் இருக்க வெட்கம். எல்லோரையும் போல நெற்றி நிலத்தில் பட சுஜூதுக்குப் போனேன். எழும்ப ஏலாமல் போயிற்று. தொழுகை முடிந்த பிறகு இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். மீரான் பார்த்தானா, தெரியாது.

மௌலவியிடம் போனேன்.

"நிக்க நோவுதா?"

"இல்ல மௌலவி. ஒரு மணித்தியாலம் நிப்பன். மடக்கத்தான் ஏலாது."

"அப்ப நிக்கிற கட்டத்துல நில்லுங்க. குனியிற ருகூஉம் நின்டே செய்ங்க. சுஜூதுக்கு மட்டும் கதிர. முழுத் தொழுகையும் கதிரயில இருந்தா தொழுதீங்க?"

"ஓம்."

"ஏன் காக்கா, ஒருத்தரயும் கேக்கல்லயா?"

கேட்கவில்லை. கதிரை என்றால் கதிரைதான் என்று நினைத்துவிட்டேன். ஏழு மாதத் தொழுகை. தெரியாமல் செய்தது, தௌபா செய்து மன்னிப்புக் கேளுங்கள் என்றார். விளையாட்டை நிறுத்தவா என்று கேட்டேன். "அத நான் எங்க செல்லின?" என்று சிரித்தார்.

சனி, 8

விடியல் சுபஹு நின்று தொழுதேன். பாரம் இடது காலில்.

அசருக்கு மீரான் பக்கத்தில். வெளியே வந்து, "கால் சுகமாகிட்டா காக்கா?"

"இல்ல. நான் தொழுத முறதான் பிழ."

அவன் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான். கொஞ்சம் சந்தோசம். அஸ்தஃபிருல்லாஹ், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

மட்டையை இறக்கி எடுத்துக்கொண்டு மண்டபம். தவராசா இன்று பந்தை வலையோடு மெல்லப் போடுகிறார், கள்ளன். மதிலுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார். 9–11. தோல்வி. செருப்பைக் குந்தி எடுக்க ஏலவில்லை. நின்றபடி காலாலேயே தடவிப் போட்டுக்கொண்டு வந்தேன்.