முதுகில் இருந்த பெயர்

அன்புத் தம்பிக்கு, ஸலாம்.

நீ கிரிக்கெட் ஆடத் தடை விதித்து ஏழு மாதமாகிறது. இப்போதுதான் எழுதுகிறேன்.

லாகூரில் இந்த வாடகை வீட்டுக்கு வந்த வாரமே, பக்கத்து வீட்டு நியாமத் பாய் என் மகள் மிஷாலைப் பார்த்தார். நீ அனுப்பிய பச்சைச் சட்டையைப் போட்டிருந்தாள்.

"என்ன தங்கச்சி, ஆட்டத்தை வித்தவன் பேரையா புள்ள முதுகுல ஒட்டி வச்சிருக்கே?"

"பஜார்ல மலிவாக் கிடைச்சுது பாய்," என்று சிரித்தேன். பள்ளியில் அவளை யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று ஒரே பயம். அன்றே உன் பெயரைப் பிளேடால் சுரண்டி எடுத்தேன்.

இன்று நம் அணி தொடர்ந்து ஐந்தாவது ஆட்டத்திலும் தோற்றது. எங்கள் வீட்டு டிவி முன்னால்தான் சண்டை.

"தடையாவது மண்ணாவது! அவனைக் கூப்பிடுங்கய்யா. கடைசி ஓவர் போட வேற யாரு இருக்கா?" என்றார் அதே நியாமத் பாய்.

"வித்தவனையா?" என்றார் அவர் தம்பி.

"இவனுங்க ஓசியிலேயே தோத்துக் குடுக்கறானுங்களே, இதுக்கு அவன் தேவலடா!"

எல்லோரும் சிரித்தார்கள். மிஷால் ஓடிப்போய் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டையில், எழுத்து மூடியிருந்த இடத்தில் மட்டும் துணி வெளுக்கவில்லை. உன் பெயர் பச்சைப்பசேலென்று தெரிந்தது.

"இது என் மாமா குடுத்தது," என்றாள்.

"உன் தம்பியா தங்கச்சி?" பாயின் குரலில் அவ்வளவு மரியாதை.

"ஆமா," என்றேன்.

நீ தலைகுனிந்து நின்றபோது வராத அந்தச் சொல், அணி தோற்ற பிறகுதான் என் வாயில் வந்தது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உன் அக்கா