இரண்டாவது ஆதாரம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சமூகவியல் அசைன்மென்ட்டுக்குச் சாதி மாறிய கல்யாணங்கள் என்ற தலைப்பை நானாகத்தான் எடுத்தேன். ஒரே ஆதாரத்தை நம்பாதீர்கள், சொல்கிறவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேளுங்கள் என்றார் மிஸ்.

வேறு சாதிப் பையனைக் கட்டிய எங்கள் தெரு சுமதியக்கா கிணற்றில் விழுந்து செத்தது பழைய பேப்பரில் 'வயிற்றுவலியால் தற்கொலை' என்று இருந்தது. நெட்டில் கிடைத்த ஆய்வுக் கட்டுரையில் பேர் இல்லை. ஆனால் அதே கிணறுதான். போலீஸில் இருந்த உறவினர் ஒருவர் கேஸை முடித்துவைத்ததாக எழுதியிருந்தது. எங்கள் தெருவில் எல்லாரும் சொந்தம்தான். அதில் போலீஸில் இருந்தது பெரியப்பா மட்டும்தான்.

எது உண்மை என்று கேட்க, இன்று ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் போனேன். சுமதியக்காவின் கூட்டாளி அகிலாக்கா அங்கே தையல்கடை வைத்திருக்கிறாள். வெகுநேரம் மிஷினை நிறுத்தவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அவளா விழல ஏட்டி. தள்ளிவிட்டத நான் பாத்தேன். எம்பேர மட்டும் எழுதிராத."

வீட்டுக்கு வந்தால் பெரியப்பா உட்கார்ந்திருந்தார்.

"மடவார் வளாகத்துல என்னத்தா சோலி?"

நான் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

"துணி தைக்கக் குடுக்கப் போனேன் பெரியப்பா."

"சரித்தா. போனக் குடு. காலைல தாரேன்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டேன்.

அகிலாக்கா பேசியதை அதில்தான் ரெக்கார்ட் பண்ணியிருந்தேன். அவளிடம் சொல்லிவிடலாம் என்றால் அவள் நம்பரும் அதில்தான் இருக்கிறது.

கொஞ்சம் முன்னால் பெரியப்பாவின் பைக் கிளம்பியது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுப் பக்கமாகத்தான் சத்தம் போனது.