உங்கள் சிராஸ் கொடியை வெட்டிவிட்டேன், மச்சான்

போன இடத்திலும் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கிற என் அருமை மச்சானுக்கு,

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்க வேண்டாம், கேலி செய்யுங்கள். உங்கள் கேலியைக் கேட்டு ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறது.

தினமும் மீமிசலில் வண்டியில் மீன் ஏற்றி, டவுன் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, திருக்கோகர்ணத்தில் என் வீட்டைக்கூட எட்டிப் பார்க்காமல் அக்காவிடம் வந்துவிடுகிறேன். கொடும்பாளூர் வருவதற்குள் இடுப்பு தனியாக, நான் தனியாக வந்து சேருகிறோம். அலுத்துப் போச்சு மச்சான். வராமலும் இருக்க முடியவில்லை. உங்கள் கொடியால் வந்த வினை அப்படி.

நாசிக் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் பதினாறு வருசம் கிடந்துவிட்டு ஊர் திரும்பியபோது, ஈரச்சாக்கில் சுற்றி ஆறு குச்சி கொண்டு வந்தீர்கள். நகை என்று நினைத்துப் பிரித்தவன் நான். ஐந்து காய்ந்தது, ஒன்று பிழைத்தது. சிராஸ், ஒயினுக்கு ஆகிற கறுப்புத் திராட்சை என்றீர்கள். அன்றைக்கே போய் அரை டஜன் கண்ணாடித் தம்ளர் வாங்கி வந்தேன். ஒரு கொடியை நம்பியா மாப்ள தம்ளர் வாங்குனே என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள்.

மூன்றாம் வருசம் பங்குனியில் காய் கறுத்தது. பன்னீர்த் திராட்சை மாதிரி உருளும் என்று பார்த்தால் சுண்டைக்காய் அளவோடு நின்றுவிட்டது. ஒன்றைப் பிதுக்கிக் காட்டினீர்கள். உள்ளே வெளிறிப் போய் இருந்தது. நிறம் முழுக்கத் தோலில்தான், தோலை ஊறப் போட்டால்தான் ஒயினுக்குச் சிவப்பு இறங்கும் என்றீர்கள். அதற்குள் அக்கா ஒன்றைப் பறித்து வாயில் போட்டுத் துப்பிவிட்டது. புளிப்பு, துவர்ப்பு, பல்லில் விதை.

"பதினாறு வருசம் எங்கள விட்டுட்டு இந்தக் கொட்டைக்குத்தான் காவல் இருந்தீகளா?"

நான்கூடச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "இன்னும் நாள் இருக்கு புள்ள" என்று மட்டும் சொன்னீர்கள். சித்திரை பிறந்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். நாங்கள் உங்கள் காரியத்தில் கிடந்தபோது அந்தப் பழமெல்லாம் பழுத்து, மைனா தின்று முடித்தது.

ஆள் போன வீட்டில் வருசம் திரும்பும்வரை அவர் நட்டதில் கத்தி வைக்க மாட்டோமே, அந்த வழக்கப்படி உங்கள் வாழைத்தாரையே மரத்தில் பழுக்கவிட்டு அணிலுக்குக் கொடுத்தோம். கொடியையும் தொடவில்லை. அக்கா காலையில் இரண்டு குடம், சாயங்காலம் இரண்டு குடம் ஊற்றியது. வாரம் ஒரு கூடை ஆட்டுப் புழுக்கை. கொடி பந்தலைத் தாண்டிக் கூரையில் ஏறி, பக்கத்து வீட்டு டிவி ஒயரையும் பிடித்துக்கொண்டது. எங்கே பார்த்தாலும் இலை. ஒரு பிஞ்சு இல்லை.

"அவுக கோவம் இன்னும் தீரல தம்பி. நான் சொன்ன சொல்லுக்குத்தான் காய்க்க மாட்டேங்குது" என்றது அக்கா. சாப்பாடு குறைந்தது. நூறு நாள் வேலைக்குப் போவதும் நின்றது. கொடியடியே கதியென்று உட்கார்ந்துவிட்டது. அதை அங்கிருந்து எழுப்பத்தான் தினமும் வருகிறேன். எந்தப் பேச்சுக்கும் எழுந்திருக்காத ஆளை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்ய?

தலைத்திவசம் முடிந்ததும் உங்கள் போனில் தேடி, உங்களோடு வேலை பார்த்த கம்பத்துக்காரரைப் பிடித்தேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்.

"வெட்டுனாத்தாங்க அது காய்க்கும். வெட்டுன குச்சியில வர்ற புதுத் துளிர்லதான் பூவே வைக்கும். நீங்க தண்ணியும் எருவும் குடுத்து எலையா வளத்து வச்சிருக்கீங்க."

அக்காவிடம் சொன்னேன். உசுரு போயிரும், வேண்டாம் என்றது. பட்டுப்போனால் என்ன செய்வாய் என்று கேட்டது. கொடி பட்டால் கூடவே அக்காவும் படுத்துவிடும் என்று எனக்கும் பயம்தான். நான் விடாமல் நான்கு நாள் கேட்டதில், ஐந்தாம் நாள், உன் இஷ்டம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

போன புதன்கிழமை வெட்டினேன். கம்பத்துக்காரர் போனில் சொல்லச் சொல்ல, குச்சிக்கு ஐந்தாறு கணு விட்டு மற்றதையெல்லாம் கழித்தேன். கடைசியில் எலும்புக்கூடு மாதிரி நின்றது. கொஞ்ச நேரத்தில் வெட்டிய முனையிலிருந்தெல்லாம் தண்ணீர் சொட்ட ஆரம்பித்துவிட்டது. பயந்துபோய்ப் போனில் கத்தினேன். வெட்டினால் அது அழும், பயப்படாதீங்க என்று அவர் அப்புறம்தான் சொல்கிறார். முன்னாலேயே சொல்லக் கூடாதா?

அக்கா வந்தது. ஒவ்வொரு சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றது. போச்சு, இன்றைக்கு நம்மைப் பெருக்குமாற்றால் அடிக்கப் போகிறது என்று நான் ஓரமாக நகர்ந்தேன்.

"பாரு, மூக்கச் சிந்திக்கிட்டு நிக்கிறத. அவுகளும் இப்புடித்தான். ஒரு சொல்லு சொன்னா ரெண்டு நாளைக்கு ஒழுகும், மூணாம் நாளு சோத்துக்கு வந்து உக்காந்துருவாக."

சொல்லிவிட்டுச் சிரித்தது மச்சான். சிரிப்பு பாதியில் அழுகையாகி, எழவு வீட்டில்கூட அழாத அழுகையை அழுதது. நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, கழித்த குச்சிகளைப் பொறுக்கினேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, பசிக்குது தம்பி, ஒனக்கும் சேத்து ஒலை வைக்கட்டுமா என்று கேட்டது.

இன்றைக்கு எட்டாம் நாள். கணுவெல்லாம் வீங்கி, நுனியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி எட்டிப் பார்க்கிறது. பூ வைக்குமா என்று தெரியாது. அக்கா சாயங்காலத் தண்ணீரை நிறுத்திவிட்டது. நேற்று வேலைக்குப் போயிருக்கிறது.

ஒரு வாக்குத் தருகிறேன். காய்த்தாலும் சரி, காய்க்காவிட்டாலும் சரி, அடுத்த தடவை கத்தரி அக்கா கையில்தான். நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இப்படிக்கு,
உங்களிடம் திட்டு வாங்க ஏங்கும்
உங்கள் பெண்டாட்டியின் ஒரே தம்பி