சாய்ந்து நின்ற சதுரம்

அக்டோபர் 6, திங்கள்

காலையில் பனி வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. வெளியே தேயிலை மலையைக் காணவில்லை. ஜன்னல் மட்டும் வெள்ளையாக ஒரு செவ்வகம். இதைவிட நல்ல பாடப்பொருள் எங்கே கிடைக்கும்? "எதிரெதிர்ப் பக்கங்கள் சமம். நான்கு மூலையும் செங்கோணம்" என்று அதையே காட்டிச் சொன்னேன். என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் மொத்தம் ஆறே பேர். ஆறு பேரும் ஜன்னலைப் பார்க்க, நானும் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். பனிக்குள்ளிருந்து மலை வரிவரியாக வெளியே வந்தது.

மணி அடித்தபோது, "டீச்சர், நின்னுக்கிட்டே தூங்கிட்டீங்களா?" என்றாள் கரேன். இப்படிக் கேட்கிற தைரியம் அவளுக்கு மட்டும்தான். எனக்குக் 'கனவு டீச்சர்' என்று பட்டப்பெயர் இருப்பது தெரியும். இருக்கட்டுமே.

அக்டோபர் 8, புதன்

சிறு தேர்வு. ஐந்தாம் கேள்வியில், மூலையைத் தரையில் ஊன்றி நிற்கிற மாதிரி ஒரு வடிவம் வரைந்திருந்தேன். விடை: சாய்சதுரம். ஐந்து பேர் அப்படியே எழுதினார்கள். கரேன் மட்டும் 'சதுரம்'. சிவப்பு மையில் தப்புப் போட்டேன்.

தாளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "டீச்சர், தலையச் சாச்சுப் பாருங்க. சதுரம்தான்லா. அப்பா காய்கறி லோரி மேட்டுல ஏறுறப்ப கோபிஸ் பெட்டியெல்லாம் சாயுது. அதுக்காக அது வேற பெட்டியாயிருமா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. "வாயாடாம போய் உக்காரு. கேள்வித்தாள தலையச் சாச்சுப் பாக்குறவங்களுக்கெல்லாம் மார்க் கிடையாது" என்றேன்.

போய் உட்கார்ந்தாள்.

அக்டோபர் 9, வியாழன்

கரேன் இன்று ஒன்றுமே கேட்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

இன்றும் இல்லை. நானாகக் கேட்டால் "தெரியாது டீச்சர்." ஏழெட்டு ஐம்பத்தாறுகூடத் தெரியாதாம். அழுத்தக்காரி!

அக்டோபர் 14, செவ்வாய்

பள்ளி விட்டதும் கரேனின் அப்பா ஜோனத்தன் வந்தார். காய்கறி லோரி வாசலில் உறுமிக்கொண்டே நின்றது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். "மனசுல வச்சுக்காதீங்க டீச்சர். அடுத்த வருசம் புள்ளைய ரிங்லெட் டவுன் ஸ்கூல்ல போட்டுரலாம்னு பாக்குறோம். கணக்குன்னா உசுர விடுவா. இப்ப புக்கத் தொட மாட்டேங்கறா. 'நான் பாக்குறதெல்லாம் தப்பாதான் இருக்கும்'ங்கறா. ஸ்கூல் மாத்தல் பாரம் வாங்கி வச்சிருக்கேன். தீபாவளி லீவு முடிஞ்சதும் எழுதிக் குடுத்துர்றேன்."

குவார்ட்டர்ஸுக்கு வந்து கேள்வித்தாளை எடுத்தேன். எதற்கென்று தெரியவில்லை. சும்மா அளவுகோலை வைத்தேன். நான்கு பக்கமும் நான்கு சென்டிமீட்டர். மூலைமட்டத்தை வைத்தேன். நான்கு மூலையும் செங்கோணம்.

செங்கோணமாகத்தான் இருக்கும். அந்த மூலைமட்டத்தை வைத்து வரைந்தவளே நான்தானே. தாளைத்தான் சாய்த்து வைத்திருந்தேன்.

சாய்சதுரம் என்று எழுதியதிலும் பிழை இல்லை, நான்கு பக்கமும் சமமாயிற்றே. ஆனால் சதுரம் என்றவளுக்குத் தப்புப் போட்டேனே! ஆறு வருடமாக இதே கேள்வி. எத்தனை பிள்ளைகளுக்குப் போட்டேனோ? ஐயோ தனுஜா, என்ன டீச்சர் நீ!

அக்டோபர் 15, புதன்

தலைமையாசிரியர் சுகுமாரனிடம் சொன்னேன். "ரெண்டு மார்க்தானே, விடுங்க டீச்சர். நாமே தப்புன்னு ஒத்துக்கிட்டா நாளைக்கு எல்லாரும் தாளத் தூக்கிட்டு வந்துருவாங்க" என்றார். நல்ல மனிதர்தான். அவர் சொன்னது எனக்கும் வசதியாக இருந்தது. அரை நாள் அந்த வசதியிலேயே இருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

அட்டையில் ஒரு சதுரம் வெட்டிக்கொண்டு போனேன். நேராகப் பிடித்து, "இது என்ன?" என்றேன். "சதுரம்!" மெல்லத் திருப்பினேன். "இப்போ?" "சதுரம்." இன்னும் கொஞ்சம். "இப்போ?" ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை. புனிதன் எழுந்து, "நீங்க திருப்புறத நிறுத்துங்க டீச்சர், அப்பறம் சொல்றோம்" என்றான்.

"நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் ஒன்றுதான். பக்கமும் மாறவில்லை, மூலையும் மாறவில்லை. கரேன் சொன்னதுதான் சரி. நான் போட்டதுதான் தப்பு. அவளைப் பேசவிடாமல் உட்கார வைத்தது அதைவிடப் பெரிய தப்பு" என்றேன்.

தாளை வாங்கி மார்க்கைத் திருத்தினேன். அட்டையை அவளிடமே கொடுத்தேன். புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

மற்ற ஐந்து பேரும் நாள் முழுக்கத் தலையைச் சாய்த்துச் சாய்த்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்காதபோது நானும் பார்த்தேன். தேயிலை வரிகள் எல்லாம் மெதுவாகச் சரிந்து வானத்துக்குள் ஓடுகிற மாதிரி இருந்தது.

அக்டோபர் 27, திங்கள்

மாற்றல் பாரம் இன்னும் வரவில்லை. கேட்கவும் பயம்.

டிசம்பர் 19, வெள்ளி

பள்ளி ஆண்டின் கடைசி நாள். கரேன் "போய்ட்டு வரேன் டீச்சர்" என்றாள். எல்லாரும் சொல்வதுதான். விடுமுறையில் அவள் அப்பா வந்துகூடப் பாரத்தை அலுவலகத்தில் கொடுக்கலாம். வகுப்பைப் பூட்டிவிட்டு வெகுநேரம் ஜன்னல் பக்கமே நின்றேன்.

ஜனவரி 12, திங்கள்

அதே பிள்ளைகள், இப்போது நான்காம் ஆண்டு. அதே பனி. பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். வாசலைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பிடிவாதம். நாற்காலிகள் இழுபடுவதைக் காதாலேயே எண்ணினேன். ஐந்து. அதற்கு மேல் சத்தமில்லை. கையில் பேனா அப்படியே நின்றது.

கீழே ஒரு லோரி உறுமி, கிளம்பிப் போயிற்று. ஓடிவரும் காலடி. ஆறாவது நாற்காலி.

"டீச்சர், வருசத்தத் தப்பா எழுதிட்டீங்க. தலையச் சாச்சுப் பாத்தாலும் தப்புதான்லா."

அழிப்பானை அவளிடம் கொடுத்தேன்.